பாணை விட்டால் குளிசையையும் விடலாமா?



நேற்று இடைவேளையில் எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் சொன்னார்: "டீச்சர், நான் பாண், பராட்டா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன். இனி தைரொயிட் குளிசையும் தேவையில்லதானே?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. நாலு வருசத்துக்கு முன் நானும் இதைத்தான் செய்தேன்.

எனக்கிருப்பது ஹஷிமோட்டோ நோய். 1912இல் இதைப் பற்றி எழுதிய ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையே தாக்கும். ஹோர்மோன் குறையும். அந்தக் குறையை நிரப்புவதுதான் குளிசை.

"கோதுமையை விட்டால் தைரொயிட் போய்விடும்" என்று வட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பினேன். கடை இடியப்பத்திலும் கோதுமை மா கலந்திருக்கும் என்று வீட்டிலேயே அரிசி மாவில் அவித்தேன். வயிறு இலேசானது போலிருந்தது. குளிசையையும் விட்டேன்.

மூன்றாம் மாதம், வகுப்பில் என் மாணவி ஒருத்தியின் பெயர் வாயில் வரவில்லை. முகம் ஊதி, குரல் தடித்து, வெயிலிலும் குளிர்ந்தது. உம்மா அழுதுகொண்டே கூட்டிப்போனார். ஏறத்தாழ 4க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 60ஐத் தாண்டியிருந்தது.

டொக்டர் ஏசவில்லை, விளங்கப்படுத்தினார். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள புரதம். சீலியாக் நோயுள்ளவர்கள் அதைக் கட்டாயம் விலக்க வேண்டும். எங்களைப் போன்ற தைரொயிட் நோயாளிகளிடம் சீலியாக் மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்படுவதும் உண்மை. மாறாத வயிற்றோட்டம், இரத்தச்சோகை இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யலாம். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டக்கூடும். நான் திரும்பவும் பாண் சாப்பிட்டு, சில கிழமைகளின் பின் பரிசோதித்தேன். எனக்கு சீலியாக் இல்லை.

இன்னொரு பிழையும் பிடிபட்டது. அதற்கு முன் நான் குளிசையைப் பால் தேநீரோடு விழுங்கி வந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள்.

சகோதரிகளே, அரிசி மாப் பிட்டு நல்ல சாப்பாடுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது குளிசைக்குப் பதிலாகாது.

இன்று காலை அந்த ஆசிரியை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "குளிசை போட்டுட்டன் டீச்சர்." அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.