கல்லோ உயிரோ

படவேட்டில் கடல் இல்லை. சவ்வாது மலையடிவாரத்தில் கமண்டல நாகநதியை அண்டி வாழும் எங்களுக்குக் கடல் என்பது வேளாங்கண்ணித் திருப்பயணத்தில் கால் நனைக்கும் இடம், அவ்வளவே. ஆயினும் சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி அறிவியல் ஏட்டுடன் என் முன் நின்றாள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. ஒருபுறம் உயிருள்ளவை, மறுபுறம் உயிரற்றவை. "பவளப்பாறையை எந்தப் பக்கம் எழுதறது, சாமி?"

நல்ல கேள்வி. பவளம் மிகச் சிறிய விலங்கு. தன் உடலுக்குள் நுண்பாசிகளுக்கு இடமளிக்கிறது. அவை கதிரவன் ஒளியால் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துப் பவளம் தனக்குக் கூடு கட்டுகிறது. இறந்தவர்களின் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை குடியேறுகிறது. ஆக, மேலே படர்ந்த மெல்லிய தோல் மட்டுமே உயிர். உள்ளே முழுவதும் கல். ஆனால் அந்தக் கல்லே உயிர் செய்த வேலை. அதன் பொந்துகளில்தான் மீனும் சிங்கி இறாலும் ஒதுங்குகின்றன.

ஒளி, வெப்பம், உப்பு, அலை ஆகியவற்றுக்கும் உயிரில்லை; ஆனால் இவற்றுள் ஒன்று பிசகினாலும் பவளம் பிழைக்காது. ஆற்று வண்டல் ஒளியை மறைப்பதால், எங்கள் நதி செய்யாற்றோடும் பாலாற்றோடும் கலந்து கடல் சேரும் முகத்துவாரத்தில் பவளத்தைத் தேட வேண்டியதில்லை.

அது மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய அக்கடற்பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளத்தை வெட்டினார்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடிக் கோவிலின் சுவர்களிலும் பவளக் கற்களே தெரிகின்றன. வெட்டியவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு உழைத்த அவர்கள் அதைக் கல்லென்றே நம்பினார்கள். சட்டமே 2001-இல்தான் பவளத்தைப் புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையில் சேர்த்தது! அதற்குள் அலையைத் தடுத்துவந்த பாறை தேய்ந்து, மணல் அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருள் மூழ்கிவிட்டன.

இப்போது வெப்பத்தின் முறை. 2010-இலும் 2016-இலும் நீர் சூடேறியபோது பவளங்கள் தம் பாசிகளை வெளியேற்றி வெளுத்தன. வெளுத்தவற்றுள் சில தேறின, பல இறந்தன.

கரைந்துகொண்டிருந்த வான் தீவின் அருகே 2015 முதல் சிமெண்டுக் கலவையால் வார்த்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். வெறும் சிமெண்டுதான். அவற்றின்மேல் இளம்பவளங்கள் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன.