சைக்கிள் காசில் வாங்கிய சப்பாத்து

மாசிப் பனியில் சைக்கிள் கைபிடி எப்படிக் குளிரும் என்று கேட்டால் நான் சொல்வேன். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கைபிடிகளைத் தொட்டவன் நான். வந்தவரிடமிருந்து சைக்கிளை வாங்கி, பக்கத்துச் சைக்கிளில் சாயாமல் நிறுத்தி, சணலில் கோத்த மட்டை ஒன்றைக் கைபிடியில் கட்டி, அதே இலக்கம் எழுதிய மற்ற மட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டும். மட்டைகள் பிஸ்கட் பெட்டியில் வெட்டியவை. கட்டணம் ஐம்பது சதம். பிள்ளையை முன்னுக்கும் மனுசியைப் பின்னுக்கும் ஏற்றிவந்தாலும் அதே ஐம்பது சதந்தான்.

திருக்கேதீஸ்வரத்தில் சிவராத்திரி என்றால் எங்களுக்கு முதலில் அதுதான், சைக்கிள் பாதுகாப்பு நிலையம். சுவாமி பிறகு. எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வருட வருமானம் அந்த ஓரிரவில் ஒரு பால்மாப் பேணிக்குள் விழுந்து முடிந்துவிடும். கழகம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, இருந்ததெல்லாம் ஒரு பந்து, காற்றடிக்கும் பம்பு, நான்கு கம்பு, ஒரு சீ.ஆர். கொப்பி. கொப்பி பொருளாளர் அண்ணையின் வசம். அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய தாய்கூட “பொருளாளர் சாப்பிட்டானோ?” என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

மற்ற நாட்களில் கேதீச்சரத்தில் சனமே இராது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்று சொல்வதற்கு ஆட்கள் உண்டு, அங்கேயே குடியிருப்பதற்கு ஆட்கள் குறைவு. மடங்களின் திண்ணைகளில் ஆடுகள் படுத்திருக்கும். பாலாவிக் கரையில் காற்று மட்டும் நிற்காமல் வீசும். பறங்கியர் பழைய கோயிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோய் மன்னார்க் கோட்டைக்குப் போட்டார்கள் என்று ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். 1872இல் ஆறுமுக நாவலர் இந்தக் கோயிலைக் கட்டியெழுப்புங்கள் என்று சைவர்களிடம் கேட்டுக்கொண்டார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சேர் கந்தையா வைத்தியநாதன் அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துச் செய்தார். 1976இல் நடந்த கும்பாபிஷேகத்துக்குப் பிறகுதான் சிவராத்திரிச் சனம் பெருகியது. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாகவும் வவுனியாவிலிருந்தும் விசேட பஸ்கள் வரும். அடம்பன், உயிலங்குளம், முருங்கன் பக்கத்துச் சனம் சைக்கிளில் வரும். எங்களுக்கு வேண்டியது சைக்கிள் சனம்.

இரவெல்லாம் பாலாவியில் தண்ணீர் மொண்டு, குடத்தோடு வரிசையில் நின்று, தங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊற்றிவிட்டு வருவார்கள். ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டு மட்டையைத் தேடுவார்கள். பாதிப் பேரின் மட்டை நனைந்து மை கரைந்திருக்கும். ஆறா ஒன்பதா என்று பெற்றோல் மாக்ஸ் வெளிச்சத்தில் பார்க்கிற வேலை என்னுடையது. ஒருமுறை விடிந்து, சனமெல்லாம் போய், தடி பிடுங்கிக் கயிறு சுற்றிய பிறகும் ஒரு றலி சைக்கிள் தனியே நின்றது. பொருளாளர் அண்ணை அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, பொலிசுக்கும் கொடுக்கவில்லை. வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்தில் பாயை விரித்து மூன்று நாள் படுத்தார். மூன்றாம் நாள் ஒரு மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார். வந்தது சைக்கிளில், திரும்பும்போது அயலவரின் உழவு மெசின் பெட்டியில் ஏறிப் போய்விட்டாராம். “மூண்டு நாளுக்கும் ஒண்டரை ரூபா” என்றார் அண்ணை. வாங்கி, கொப்பியில் எழுதினார்.

அப்படிக் கண்விழித்த பொடியளில் அரைவாசிப் பேர் வேதக்காரப் பிள்ளைகள். அது ஒரு விசேடமாக அப்போது யாருக்கும் படவில்லை. பக்கத்து மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத்தான் ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மடுவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது எங்களுக்கும் பாடமான கதை. தவிர, மன்னாரில் பந்தடிக்க வேண்டுமென்றால் கடற்கரை ஊர்களோடுதான் அடிக்க வேண்டும். வங்காலை, பள்ளிமுனை, பேசாலை. பெருநாளை ஒட்டி நடக்கும் போட்டிகளுக்கு நாங்கள் போவோம், தோற்போம், மீன் குழம்போடு சோறு தருவார்கள், தின்றுவிட்டு வருவோம். கடல் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவனை வயல்காரன் பிடிக்க ஏலாது. இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். டக்சன் புஸ்லாஸ் இலங்கை அணிக்கு ஆடியபோது மன்னாரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

1980இலிருந்து சில வருடங்கள் வெள்ளைக்காரர் மாந்தையில் குழி வெட்டினார்கள். ஜோன் கார்ஸ்வெல் என்பவர் தலைமை. பழைய துறைமுகமாம். சீனத்துக் கோப்பை ஓடு, பாரசீகத்துச் சாடி, மணிகள் எல்லாம் எடுத்தார்கள். நாங்கள் பயிற்சி முடிந்து குழியைச் சுற்றி நின்று பார்ப்போம். பொருளாளர் அண்ணை நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “துறைமுகமெண்டால் கப்பல் நிப்பாட்டக் காசு வாங்கியிருப்பாங்கள். எழுதின கொப்பியைத் தேடச் சொல்லு.” எனக்குத் தெரிந்து மாந்தையைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் சிறந்த ஆய்வுக் கருத்து அதுதான்.

அந்தக் காலத்தில்தான் நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட்டுவிடுகிறேன். முதல் வருடமே உதைபந்தாட்ட அணியில் இடது விங். ஊரில் செய்தி பரவியது. கேதீச்சரத்துப் பொடியன் கம்பஸ் ரீமில்! ஊரார் நினைத்தது, கம்பஸ் என்றால் சப்பாத்து, சட்டை, சாப்பாடு எல்லாம் அரசாங்கம் தரும் என்று. ஒரு கணக்குக்கு அது சரியுந்தான். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது; படிப்புக்குக் காசில்லை. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகு திறைசேரிப் பணம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக வரும். ஆனால் அந்த ஆறு எங்கள் மைதானத்துக்கு வந்துசேரும்போது பாலாவியின் கோடைகாலத் தண்ணீர்தான்.

அணிக்கு ஒரே ஒரு தொகுதிச் சட்டை. காலையில் நாங்கள் ஆடிக் கழற்றியதைப் பின்நேரம் ஹொக்கிக்காரர் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். இடையில் துவைக்க நேரமிருந்தால் அவர்களுடைய அதிர்ஷ்டம். பந்து வாங்க மூன்று விலைமனு வேண்டும். மூன்றாவது கடைக்காரன் விலைமனு தரும்வரை பழைய பந்து தையல் விட்டுக்கொண்டே இருக்கும். வெளியூர்ப் போட்டிக்கான முற்பணம், போட்டி முடிந்து நாங்கள் திரும்பிவந்த பிறகு கையொப்பமாகும். அதுவரைக்கும் பஸ் காசைத் தலைவர் தன் மகாபொல உதவிப்பணத்திலிருந்து கொடுப்பார். மகாபொல 1981இல் சட்டமான நிதியம்; பொருட்காட்சிகளில் சேர்ந்த காசிலும் பின்னர் அபிவிருத்தி லொத்தர் காசிலும் நின்றது. எங்கோ ஒருவர் சுரண்டியோ பார்த்தோ தோற்றுப்போன லொத்தர் சீட்டில் நாங்கள் மாத்தறைக்கும் கண்டிக்கும் பந்தடிக்கப் போனோம். வென்ற காலங்களில் இது பற்றி ஒரு தத்துவமும் தோன்றவில்லை.

சப்பாத்து மட்டும் எந்தத் தலைப்பின் கீழும் இல்லை. அது உன்னுடைய கால், உன்னுடைய பாடு. நான் கன்வஸ் சப்பாத்தோடு இறங்கி, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி விழுந்தேன். பயிற்றுவிப்பவர் ஒருமுறை கூப்பிட்டு, “பூட்ஸ் இல்லாட்டி அடுத்த மட்ச் இல்லை” என்றார். கோபத்தில் சொன்னதல்ல, அவருக்கும் வழி இருக்கவில்லை.

1982 சிவராத்திரிக்கு லீவில் வந்தேன். அன்று கட்டணம் ஒரு ரூபா. கழக வரலாற்றில் முதல் விலையேற்றம். அதற்காக இரண்டு கூட்டம் கூடியிருக்கிறார்கள். மறுநாள் வேப்பமரத்தின் கீழ் பேணியைக் கவிழ்த்து எண்ணினோம். குத்திகளை அடுக்கி, தாள்களை நீவி, இருமுறை எண்ணி முடிந்ததும் அண்ணை தொண்டையைச் செருமினார். தம்பிக்குச் சப்பாத்து வாங்குவது பற்றி ஒரு பிரேரணை. யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் கொப்பியில் எப்படி எழுதுவது என்பதில் பொழுது சாய்ந்துவிட்டது. கடன் என்று எழுது என்றார் ஒருவர். அவன் உழைக்கத் தொடங்கித் தரட்டும். அன்பளிப்பு என்று எழுது என்றார் இன்னொருவர். கோயில் காசில் அன்பளிப்பா என்று மூன்றாமவர். கோயில் காசில்லை, சைக்கிள் காசு என்று நாலாமவர். கடைசியில் அண்ணை ஒருவரையும் கேட்காமல் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்: சப்பாத்து ஒரு சோடி, கழகச் சொத்து, பாவிப்பவர் இன்னார்.

பந்து, பம்பு, கம்பு நான்கு, சப்பாத்து ஒரு சோடி. அப்படித்தான் சொத்து விபரப் பட்டியல் நீண்டது.

அண்ணைக்கு ஓர் ஆதர்சம் இருந்தது, நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் போய், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காகப் பாய்ந்தவரும்கூட. “அங்க கம்பஸ் ரீமுக்குச் சப்பாத்து ஆர் வாங்கிக் குடுக்கிறது?” என்று அண்ணை என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நெடுநாள் கழித்து ஒரு விசயம் வாசித்தேன். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையில் நடந்த முதல் போட்டி 1852இல் ஹார்வர்டுக்கும் யேலுக்குமான படகோட்டம். செலவு முழுவதையும் கொடுத்தது ஒரு ரயில் கம்பனி. ஏரிக்கரைக்குச் சனம் வந்தால் ரிக்கட் விற்கும் என்ற கணக்கு. எங்கள் கணக்குத்தான், சைக்கிளுக்குப் பதில் ரயில். இப்போது அந்தக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத்தின்படி, அங்கே ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருடத்தில் மட்டும் சுமார் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை நேரடியாகக் கொடுக்கலாமாம். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் விளையாட்டுப் பிரிவு தன் காலில் நிற்பதில்லை. மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்குதான் தாங்குகிறது. கனடாவில் படிக்கும் என் தங்கை பேத்தியின் கட்டணச் சிட்டையிலும் விளையாட்டுக்கென்று ஒரு வரி இருக்கிறது. ஒருநாளும் மைதானத்தைக் கண்டதில்லை அவள். யாரோ ஒருவனின் சப்பாத்துக்குத் தான் காசு கட்டுவதாக முறைப்பட்டாள். கட்டு பிள்ளை என்றேன்.

படிப்பு முடிந்து 1985இல் சப்பாத்தைக் கழுவி, நாடாவைத் தனியே துவைத்துக் காயவைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆணிகளில் இரண்டு தேய்ந்திருந்தன. அண்ணை திருப்பித் திருப்பிப் பார்த்து, தேய்மானம் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். அடுத்ததாகப் போட்டவன் என்னைவிடச் சின்னக்காலன். முன்னுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினான். அவனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் அவன் வயதுப் பொடியளுக்கு வேறு அழைப்புகள் வந்தன.

1990இல் எல்லாம் போயிற்று. கோயிலும் சுற்றுப்புறமும் இராணுவத்தின் கைக்குள். சிலர் மடுவுக்கு, சிலர் வள்ளமேறி இராமேஸ்வரத்துக்கு. பொருளாளர் அண்ணை மண்டபம் முகாமில் இருந்தார் என்று கேள்வி. அங்கும் யாருக்கோ கணக்கு எழுதியிருப்பார். கொப்பி என்னவாயிற்று என்று தெரியாது. 2013 டிசம்பரில் நீர்க்குழாய் பதிக்கக் கோயிலுக்குக் கிட்டத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. செய்தியில் காட்டிய அந்த வீதியோரத்தை நான் உடனே அடையாளம் கண்டேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வெளியே போய் இருந்தேன்.

போன சிவராத்திரிக்குப் போனேன். தலைமன்னார் ரயில் 2015இலிருந்து மறுபடி ஓடுகிறது. திருக்கேதீஸ்வரம் என்று பெயர்ப்பலகையோடு ஒரு நிலையமும் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் வந்து செய்த கருங்கல் மண்டபம், 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது, மின்விளக்கில் பளபளத்தது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பம்பைமடுவில், மன்னார் வீதியோரத்திலேயே இருக்கிறது. ஒரு பஸ்ஸில் ஏறினால் கம்பஸ். எங்களுக்கு இருந்திருந்தால் என்று ஒரு கணம் பொறாமைப்பட்டேன்.

மன்னாரில் மருமகனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போயிருந்தேன். அதே பக்கந்தான், ஆனால் வேப்பமரம் இல்லை. கயிறு கட்டி, விளக்குப் போட்டு, ஒரே நிறச் சட்டையோடு பொடியள் நின்றார்கள். முதுகில் ஒரு கழகத்தின் பெயரும், அனுசரணை செய்த கடையின் பெயரும். கடையின் பெயர் பெரிதாக. சைக்கிள் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஓர் அச்சடித்த சிட்டை தந்தான் ஒருவன். ஐம்பது ரூபா என்றான். நூறு கொடுத்தேன். சட்டைப்பையைத் துழாவினான்.

“ஐயா, மாத்தின காசு இல்லை. கழகத்துக்கு விடுவமோ?”

“கணக்கில எழுதுவியளோ?”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டான். “டேய், ஐயாவின்ர அம்பது ரூபா. எழுதடா.” அவன் ஃபோனை எடுத்தான். கையுறை போட்ட விரலால் தட்ட முடியாமல், பல்லால் அதைக் கழற்றிக்கொண்டு கேட்டான்:

“என்னெண்டு எழுத, ஐயா?”

“சப்பாத்து, தேய்மானம்” என்றேன்.