எல்லா றிப்போட்டும் நோர்மல்

எங்கட வீட்டில் "ஏலாமக் கிடக்கு" என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. அதைச் சொல்லாத ஆளே இல்லை என்பதுதான் காரணம். அம்மம்மா சாகும்வரை சொன்னா. அம்மாவும் சின்னம்மாவும் சொல்லுகினம். இரண்டு வருசமாக நானும் சொல்லுகிறேன். வீட்டில் ஒருத்தருக்கு வருத்தம் என்றால் மற்றவை ஓடித் திரிவினம். எல்லாருக்கும் ஒரே வருத்தம் என்றால் அது வருத்தமாகவே தெரியாது. "எங்கட பொம்பிளையளின்ர உடம்பு அப்பிடித்தான்" என்று கதை முடிந்துவிடும்.

அம்மம்மாவுக்கு அது "உளைவு". பின்னேரமானால் காலை நீட்டிக்கொண்டு சித்தாலேப பூசிவிடச் சொல்லிக் கேட்பா. பூசுகிற கை கொஞ்சம் அழுத்தினாலும் கத்துவா. வாதம் என்று சொல்லிப் பரியாரியார் எண்ணெய் கொடுத்தார். கடைசிவரை அந்த உளைவுக்கு வேறு பேர் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குப் பேர் கிடைக்க 9 வருசம் எடுத்தது. இன்றைக்குத் தோள், நாளைக்கு இடுப்பு என்று நோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். எட்டு மணித்தியாலம் படுத்தாலும் காலமை அடிச்சுப் போட்ட மாதிரித்தான் எழும்புவா. இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. எல்லா றிப்போட்டும் நோர்மல். "வீட்டில ஏதும் யோசினையோ?" என்று கேட்டு விற்றமின் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. கடைசியில் ஒரு கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு "ஃபைப்ரோமயால்ஜியா" என்றார். வீட்டுக்கு வந்து அம்மா அழுதா. பயத்தில் இல்லை. "அப்ப நான் பஞ்சியில கிடக்கேல்லத்தானே" என்று கேட்டா.

இந்த வருத்தத்தில் மூட்டுத் தேய்வதில்லை. நோவை உணரும் நரம்புகளும் மூளையும்தான் சின்னத் தொடுகையையும் பெரிய நோவாக எடுக்கின்றன. எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்? 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த முறைப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடமாவது நோக வேண்டும். 2010இல் வந்த புதிய முறையில் அழுத்திப் பார்ப்பது இல்லை. எங்கெங்கே நோகிறது, எவ்வளவு களைப்பு, நித்திரை எப்படி, ஞாபகம் எப்படி என்று கேட்கிறார்கள். அதாவது, வருத்தக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே சோதனை. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என்னுடையது கொஞ்சம் வேறு. ஒரு காய்ச்சலோடு தொடங்கியது. காய்ச்சல் போய்விட்டது, களைப்புப் போகவில்லை. நாட்பட்ட களைப்பு நோய் என்று டொக்டர் சொன்னார். ஒரு நாள் விரிவுரைக்கும் லைப்ரரிக்கும் சேர்த்துப் போனால் அடுத்த இரண்டு நாளும் கட்டில்தான். வாசித்த பந்தியையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். கம்பஸில் 80 வீத வரவு வேண்டும். காய்ச்சலுக்கு மெடிக்கல் கொடுக்கலாம், களைப்புக்கு என்னத்தைக் கொடுக்கிறது?

இந்த நம்பிக்கையின்மை எங்கட ஊரில் மட்டும் உள்ளதல்ல. 1955இல் லண்டன் றோயல் ஃப்றீ வைத்தியசாலையில் கிட்டத்தட்ட 300 பேர் இப்படி விழுந்தார்கள். பெரும்பாலானோர் அங்கே வேலை செய்தவர்கள். 1969இல் உலக சுகாதார அமைப்பு இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருசமே, அந்த நோயாளிகளை நேரில் பார்க்காத இரண்டு மனநல மருத்துவர்கள் அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பழைய குறிப்புகளை வாசித்து எடுத்த முடிவு. பெண்கள் அதிகம் விழுந்தார்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று.

அம்மாவுக்கு மெதுவாக நடப்பது நல்லது. அவ முற்றத்தில் நடக்கிறா, நித்திரையும் கொஞ்சம் திருந்தியிருக்கு. "நீயும் கொம்மாவோட நட பிள்ளை, சரிவரும்" என்று பக்கத்து வீட்டு மாமி எனக்கும் சொல்லுவா. ஆனால் எனக்கு உடம்பை உந்துவதே கூடாது. படிப்படியாகக் கூட்டுகிற உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியே 2021இல் மாற்றி எழுதியது. ஒரே வீடு, ஒரே மாதிரித் தெரிகிற வருத்தம், ஆனால் ஒருத்தரின் மருந்து மற்றவருக்கு ஆகாது. அதனால்தான் "எங்கட உடம்பு அப்பிடித்தான்" என்ற பேச்சு எனக்குக் கோபம் தருகிறது. அந்தப் பேச்சு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கேட்க விடுவதில்லை.

இப்போது வீட்டில் வேலைகளைப் பிரித்திருக்கிறோம். தேங்காய் திருவுவதும் தண்ணி இறைப்பதும் தம்பி. ஏலாத நாளில் கடையில் இடியப்பம். ஏன் ஏலாது என்று யாரும் கேட்பதில்லை. சின்னம்மா மட்டும் இன்னும் கிளினிக்குக்கு வரமாட்டாவாம். "பேர் தெரிஞ்சு என்ன, நோ போகப்போகுதே?" என்கிறா. அதுவும் ஞாயம்தான். இரண்டுக்கும் முழுக்க மாற்றுகிற மருந்து இல்லை.

ஆனால் சின்னம்மாவின் மகளுக்குப் 14 வயது. போன மாதம் முழங்கால் உளையுது என்றாள். "வளருற வயசு, அப்பிடித்தான்" என்று சின்னம்மா சொன்னா. வளருகிற வயசாகவே இருக்கலாம். ஆனாலும் நான் அவளைப் பக்கத்தில் இருத்தி, எப்ப இருந்து நோகுது, இரவில் நித்திரை வருதா, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எப்படி இருக்கு என்று கேட்டேன். அரை மணித்தியாலம் கதைத்தாள். கொப்பியில் திகதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.