நிழலும் பெயரும்

சாங்வியில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களுள், ஸ்கேன் படத்தைப் பையிலிட்டுக் கொண்டு ஔந்து மாவட்ட மருத்துவமனை வாயிலில் காத்து நின்றறியாத வீடு அரிது. நோய் உண்டோ இல்லையோ என்பதொன்றே அப்பொழுது நம் கவலை. அப்படத்தை ஆக்கித் தந்த அறிவு எங்கே தோன்றியது, எவர் எழுதி உலகறிந்தது என்று நாம் எண்ணுவதில்லை. எண்ணிப் பார்ப்பின், நம்மவர் பெயரொன்று அதனுள் மறைந்திருத்தல் புலனாகும்.

ஊடுகதிர்ப் படம் என்பது நிழலே. பல திசைகளினின்றும் எடுத்த நிழல்களைக் கணக்கிட்டு, உள்ளுறுப்பின் வடிவை மீட்பது சி.டி. ஸ்கேன். நிழல்களை வந்த வழியே திருப்பிக் கூட்டினால் மட்டும் படம் மங்கலாகும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணித வடிகட்டியில் இட்டுப் பின்னர்க் கூட்டினால் தெளியும். வானொலி வானியலில் இத்தகைய வழியைப் பிரேஸ்வெல், ரிடில் என்னும் இருவர் 1967இல் கண்டிருந்தனர். பிரேஸ்வெல்லின் மாணவரான கோவிந்த் சுவரூப்பே பிற்காலத்தில் நம் புனே மாவட்டத்து நாராயண்காவ் அருகே மாபெரும் வானொலித் தொலைநோக்கியை அமைத்தவர்.

ஊடுகதிர்ப் படத்திற்கு அவ்வழியை 1971இல் வகுத்துரைத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் ஆவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பெங்களூர் சென்ற இராமச்சந்திரன், அவ்வாண்டில் நிழலிலிருந்து பொருளை மீட்பது பற்றி இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுதினார். இருவரும் இணைந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியின் இதழிலும் எழுதினர். உலகோர் பெரிதும் எடுத்தாண்டது பின்னதையே. 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் சென்றது. எனினும் ‘இராம்-லக்’ என்னும் வடிகட்டியின் பெயர் பாடநூல்களில் இன்றும் நிற்கின்றது. எழுதி வைத்ததனால் நின்ற பெயர் அது.

1980க்குப் பின் அமெரிக்கக் கதிர்ப்பட இதழ்களில் அயல்நாட்டார் கட்டுரைகள் பெருகின. ஜப்பானியரும் ஜெர்மானியரும் கொரியரும் மிகுதியாக எழுதலாயினர். இதனைப் புகழுக்கான போட்டி என்று மட்டும் கொள்ளலாகாது. உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அந்நோயின் நிழலை நாள்தோறும் காணும் மருத்துவர் எழுதாதிருப்பின், அரிதாகக் காண்பவர் எழுதியதே பாடமாகும். அப்பாடத்தைக் கொண்டே நம் நோயும் அளக்கப்படும். அதன் இழப்பு நோயாளியைச் சேரும்.

நம் மக்கள் இந்நகரக் கல்லூரிகளில் மருத்துவமும் கதிர்ப்படத் தொழிலும் பயில்கின்றனர். மதிப்பெண் கேட்கும் நாம், “இன்று புதிதாக என்ன கண்டாய்? அதைக் குறித்து வைத்தாயா?” என்றும் கேட்போமாக. ஊர்விட்டு ஊர் வந்து உழைத்து வாழ்வோர் நாம். கண்டதை எழுதிவைக்கும் பழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குச் செல்வமாக அளிப்போம்.