கணக்கில் வராத ஊர்

பாம்பன் தீவின் மேற்கே பாம்பன், நடுவே தங்கச்சிமடம், அடுத்து ராமேஸ்வரம், மணல் ஒடுங்கிப்போகும் கிழக்கு வாலில் எங்கள் தனுஷ்கோடி. வடக்கிலுள்ள பாக் நீரிணையைப் பெண்கடல் என்போம், தெற்கிலுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம். ஒன்று சீறினால் வலையைத் தூக்கிக்கொண்டு மற்றதற்குப் போய்விடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறிவரும் என்று எங்கள் பாட்டன்மார்கூடச் சொல்லிவைத்ததில்லை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சித்தப்பா கரைவலை இழுத்தார். எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வரும் சனம் எங்கள் ஊரில் கப்பலேறித் தலைமன்னார் போகும். சுங்க ஆபீஸ், தபாலாபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22. பகலெல்லாம் காற்றும் மழையும். மார்கழியில் அது புதிதில்லை என்று யாரும் ஊரைவிட்டு நகரவில்லை. நள்ளிரவில் ஓலைக்கூரை பறந்தது. அப்பா என்னைத் தோளில் ஏற்றி, அம்மாவின் முந்தானையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு, இடுப்பளவு நீரில் மணல்மேட்டுக்கு இழுத்துப் போனார். விடிந்தபோது மேட்டைச் சுற்றிலும் கடல். சித்தப்பாவும் சித்தியும் பிள்ளைகளும் கிடைக்கவேயில்லை. கையால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் ஊர் அது. அன்று தோண்டிய இடமெல்லாம் உப்பு கரித்தது. பிழைத்தவர்களைத் தாகம்தான் வதைத்தது.

அதே இரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். ஊர் உலகம் அந்த ரயிலைத்தான் இன்றுவரை பேசுகிறது. டிக்கெட் எடுத்தவனுக்கு ரயில்வேயிடம் கணக்கு இருக்கும். குடிசையில் தூங்கியவனுக்கு யாரிடம் இருக்கும்? மொத்தம் 1,800 பேருக்கு மேல் செத்ததாகச் சொல்கிறார்கள். அதில் சித்தப்பா வீட்டைச் சேர்த்தார்களா என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1914-இல் திறந்த பாம்பன் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அதைச் சீர்செய்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் வந்தது, தனுஷ்கோடிக்கு வரவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாற, அப்பாவும் மூட்டை தூக்க அங்கே போனார். வலைக்காரர்களில் பலர் தனுஷ்கோடிக்கே திரும்பிப்போய்க் குடிசை போட்டார்கள். மீனுக்கு அரசாங்க அறிவிப்பு தெரியாது; அது பழைய இடத்துக்கே வந்துகொண்டிருந்தது.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். வேனில் வருகிறவர்கள் இடிந்த மாதா கோயிலைப் படமெடுத்துவிட்டு, ஆளில்லாத ஊர் என்று பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குச் சங்குமாலை விற்கிறவரும் மீன் பொரித்துக் கொடுக்கிறவரும் அந்த ஊர்க்காரர்கள்தாம்.

அந்த இடம் ஆபத்தானது என்பதை நான் மறுக்க மாட்டேன். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தவன். அவர்களைப் போகச் சொல்வதானால், வலை வீசக் கரையுள்ள இடமாகக் கொடுங்கள். இருக்கச் சொல்வதானால், பட்டாவும் புயல் காப்பகமும் கொடுங்கள். இரண்டில் ஒன்றையும் செய்யாமல், உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கணக்கில் வராதவர்களாக வைத்திருப்பது நியாயமில்லை.