‘மச்சான், ஆள் செட் ஆயிடுச்சா?’ - ஒரு நட்பைக் கெடுத்த கேள்வி!

விருதுநகர் பக்கத்துப் பையன் அவன். ப்ளஸ் டூ படித்தது விடுதிப் பள்ளியில். அங்கே பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேசினால் மறுநாள் அப்பா வந்து நிற்க வேண்டும்.

‘எல்லாம் காலேஜ்ல பாத்துக்கலாம்’ என்று மனதை அடக்கிப் படித்தவன், 2016-ல் ஐ.ஐ.டி ஒன்றில் மெக்கானிக்கல் சேர்ந்தான். முதல் நாள் வகுப்பை எண்ணிப் பார்த்தான். எழுபது பேரில் பெண்கள் நான்கே பேர்!

அவன் வகுப்பில் மட்டும் அப்படி இல்லை. அந்த வருடம் நாடு முழுக்க ஐ.ஐ.டி-களில் பி.டெக் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவிகிதம்தான்.

ஒர்க்‌ஷாப்பில் ரோல் நம்பர்படி அவனுக்கு ஜோடியாக வந்தவள் கோவைப் பெண். இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். அவனுடையது கோணலாகிக்கொண்டே போனது.

“மூலைமட்டம் வெச்சுப் பாத்துட்டு ராவுங்க” என்றாள் அவள். அப்பாவுக்குச் சொந்தமாக லேத் பட்டறை. கேட்கவா வேண்டும்? அடுத்த மூன்று வாரம் பட்டறைக் கதை, ஊர்க் கதை, மெஸ் சாம்பார் கதை என்று பேச்சு வளர்ந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு பெண்ணிடம் அவன் இயல்பாகப் பேசியது அதுதான் முதல்முறை.

ஒருநாள் இரவு மெஸ்ஸில் ஒருவன் கேட்டான்... “மச்சான், ஆள் செட் ஆயிடுச்சா?”

‘இல்லடா, ஒர்க்‌ஷாப் பார்ட்னர்’ என்று சொல்லியிருக்கலாம். அவன் சிரித்தான். அவ்வளவுதான். மேஜையே கைதட்டியது. உண்மையைச் சொன்னால், அந்தக் கைதட்டல் அவனுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரமே ஹாஸ்டல் வராந்தாவில் அவளுடைய பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் விசில் பறந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு “அரம் குடுங்க” என்பதைத் தாண்டி அவள் பேசவும் இல்லை.

தனக்குத்தான் இழப்பு என்று முதலில் நினைத்தான். போகப்போகத்தான் புரிந்தது. அறுபத்தாறு பையன்களுக்கு நடுவில் அவன் ஒளிந்துகொள்ளலாம். நான்கு பெண்களில் ஒருத்தி எங்கே போய் ஒளிவாள்? அவள் யாரோடு டீ குடித்தாலும் அது வகுப்புக்கே செய்தி!

மூன்றாம் வருடம் லேப் வாசலில் ஒருநாள் சொன்னான்... “அன்னிக்கு நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். சாரி.”

“இதைச் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சுங்களா?” என்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்த 2018-ல்தான் பையன்களின் இடங்களைக் குறைக்காமல், பெண்களுக்கு ஐ.ஐ.டி-களில் கூடுதல் இடங்கள் வந்தன. முதல் வருட இலக்கு 14 சதவிகிதம். 2020-ல் 20 சதவிகிதம். கேன்டீனில் பையன்களும் பெண்களும் ஒரே மேஜையில் உட்காருவது மெள்ள மெள்ளக் கண்ணுக்குப் பழகியது. கேள்வி மட்டும் பழையதுதான்.

கடைசி வருடம் ஒரு ராத்திரி, பக்கத்து மேஜையில் ஒரு ஜூனியரிடம் யாரோ கேட்டார்கள்... “மச்சான், ஆள் செட் ஆயிடுச்சா?” அந்தப் பையன் சிரிக்கத் தொடங்கினான்.

இவன் திரும்பிச் சொன்னான்... “லேப் பார்ட்னர்டா அந்தப் பொண்ணு. சாப்பிடுங்க.”

யாரும் கைதட்டவில்லை.