அண்ணன் மாத்திரை போட்டாரா?

பர்மிங்ஹாம்

அன்புள்ள கோவிலூர்த் தங்கைக்கு,

உனக்கான பதிலை இந்தப் பத்தியிலேயே எழுத நீ சம்மதித்தாய். அண்ணனிடமும் கேட்டுவிட்டுச் சொன்னாய். அதற்கு நன்றி. காரைக்குடிப் பக்கம் இதே கேள்வியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. அவருடைய நோய் என்ன, வீடு எந்தத் தெரு என்பதெல்லாம் இங்கே வராது.

அண்ணன் மாத்திரையை அவ்வப்போது நிறுத்திவிடுகிறார். நீ சென்னையில் வேலையில் இருக்கிறாய். குழம்பில் பொடித்துக் கலந்துவிடலாமா என்று ஆத்தா கேட்கிறார்கள். மாத்திரை எடுத்ததும் செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் டப்பா அங்கே கிடைக்கிறதாமே, வாங்கி அனுப்ப முடியுமா என்று நீ கேட்கிறாய். உங்கள் இருவர் பயமும் நியாயமானது. மருந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்த்த வீட்டுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

டப்பா மட்டுமில்லை, மாத்திரையே சேதி சொல்லும் காலம் வந்துவிட்டது. 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 'அபிலிஃபை மைசைட்' என்ற மாத்திரைக்கு அனுமதி தந்தது. மருந்து பழையதுதான்: மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் தரப்படும் அரிப்பிப்ரசோல். அதற்குள் மணல் துகள் அளவில் செம்பும் மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த ஓர் உணர்வியைப் பதித்தார்கள். வயிற்று நீர் பட்டதும் அது சமிக்ஞை எழுப்பும். விலாவில் ஒட்டிய பட்டை அதை வாங்கிச் செல்பேசிக்கு அனுப்பும். நோயாளி சம்மதித்தால் மருத்துவரும் வீட்டாரும் பார்க்கலாம்.

ஆனால் இதனால் நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடியது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதை எஃப்.டி.ஏ.வே அன்று சொல்லிவிட்டது. சமிக்ஞை தாமதமாகலாம், வராமலும் போகலாம்; ஆகவே அவசர நேரத்தில் இதை நம்பக் கூடாது என்றும் எச்சரித்தது. உணர்வியைச் செய்த புரோட்டியஸ் நிறுவனம் 2020இல் திவாலானது. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற அச்சமே நோயாக வந்த ஒருவரிடம், உன் வயிற்றிலிருந்து எங்களுக்குச் சேதி வரும் என்று எந்த வாயால் சொல்வது?

நம் நாட்டில் காசநோய்க்கு '99டாட்ஸ்' என்ற முறை வந்தது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினால் உறைக்குள் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அதற்கு ஓர் இலவச அழைப்பு கொடுத்தால் மருந்து சாப்பிட்டதாகக் கணக்கு. சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது, அழைத்தவர்களில் சிலர் சாப்பிட்டிருக்கவில்லை; சாப்பிட்டவர்களில் சிலர் அழைக்கவில்லை. டப்பாவும் அப்படித்தான். மூடி திறந்ததை அது சொல்லும், மாத்திரை தொண்டைக்குள் போனதை அறியாது. ஏன் போகவில்லை என்பதை எந்தக் கருவியும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மனநோய்க்குத் தரும் மருந்துகள் சிலருக்குப் பகலெல்லாம் தூக்கத்தைத் தரும். எடை ஏறும், கை நடுங்கும், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். தாம்பத்திய உறவில் சிக்கல் வரும். அதை எந்த ஆணும் தங்கையிடம் சொல்ல மாட்டார். கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று மருந்து வாங்கப் போகாதவர் உண்டு. குணமாகிவிட்டது என்று நம்பி நிறுத்துபவரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவரிடம் வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், அவர் விரும்பினால் மாதம் ஒருமுறை ஊசிக்கு மாறலாம். காரணம் தெரிந்தால்தான் இவற்றில் எது என்று முடிவு செய்ய முடியும்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் வாழும் இங்கிலாந்து பரிசோதித்துப் பார்த்திருக்கிறது. 2008 முதல் இங்கே ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் மனநோயாளிக்கு நிபந்தனைகள் விதிக்கலாம். தேவைப்பட்டால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இது உதவுகிறதா என்று ஆக்ஸ்ஃபோர்டின் டாம் பர்ன்ஸ் குழுவினர் ஆராய்ந்து, 2013இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். அந்த உத்தரவின் கீழ் இருந்தவர்களிலும், அது இல்லாமல் குறுகிய கால விடுப்பில் அனுப்பப்பட்டவர்களிலும் ஓராண்டுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் ஒரே அளவு: 36 சதவீதம். பறித்த சுதந்திரத்துக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

நமக்கு அருகிலேயே வேறு வழி ஒன்று நடந்து காட்டப்பட்டது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளி பேருந்தில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரோடு திரையில் பேசினார். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய்த் தொடர்ந்து விசாரித்தார்கள். அங்கேயும் தொழில்நுட்பம் இருந்தது; நோயாளி பேசுவதற்காக இருந்தது.

குழம்பில் கலப்பது பற்றியும் சொல்கிறேன். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் ஆபத்து. என்றாவது அவருக்குத் தெரியவந்தால் மருந்தோடு ஆத்தா கைச் சோற்றின் மேலும் நம்பிக்கை போய்விடும். அவருக்குத் தெரியாமல் டப்பா வைத்துக் கண்காணிப்பதும் இதே செயல்தான். வீட்டாரின் பயம் எந்த எல்லைக்குப் போகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்தது. மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் அது பொருந்தும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. அது எவ்வளவு தேவை என்று பின்லாந்தைப் பார்த்தால் தெரியும். வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர், 2020இல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார். கல்யாணப் பேச்சு முதல் கடைத்தெருப் பேச்சு வரை எல்லாம் எல்லோருக்கும் தெரியும் நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் வெளியானால், அந்தக் குடும்பம் தலைநிமிர எத்தனை காலம் ஆகும்!

ஆகவே என் பதில் இது. மறதிதான் சிக்கல், நினைவூட்ட ஏதாவது வேண்டும் என்று அண்ணனே கேட்டால், டப்பாவை நான் அனுப்புகிறேன். செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும். வேண்டாம் என்று தோன்றும் நாளில் அணைத்துவிடலாம். அதற்காக வீட்டில் ஒரு சொல்லும் எழக்கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் அனுப்ப மாட்டேன்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நான் சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் முற்றும் காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணனோடு உட்கார்ந்து அதை எழுது. மாத்திரையில் என்ன தொல்லை என்று கேள். அவர் சொல்வதைக் குறித்து, அவரோடு சேர்ந்து மருத்துவரிடம் போ. அதுவரை மருந்தைத் திடீரென நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள். ஆத்தாவுக்கும் உனக்கும் பேச ஆள் வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அண்ணன் தன் மருந்தைப் பற்றி உன்னிடம் உண்மையைச் சொல்லும்படி நடந்துகொள்வதுதான் நீ அவருக்குச் செய்யக்கூடிய முதல் சிகிச்சை.

அன்புடன்,
அக்கா